அரச நிதியில் கிராமக் குடிநீர்த் திட்டம்: சங்கம் கையெழுத்துப் போடுமுன் எதைக் கேட்க வேண்டும்?

படுவான்கரைச் சங்கம் கேட்டது:

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் 120 குடும்பங்கள் உள்ள எங்கள் கிராமத்துக்கு அரச நிதியில் குடிநீர்த் திட்டம் ஒன்று தருவதாகப் பிரதேச செயலகத்தில் சொல்கிறார்கள். புதுக் கட்டுக்கிணறு, 12 மீற்றர் உயரத்தில் தாங்கி, மோட்டர், வீட்டுக்கு வீடு இணைப்பு. வேலையைக் கிராம அபிவிருத்திச் சங்கமே ஒப்பந்தமாக எடுத்து, முடிந்த பிறகு பராமரிப்பையும் சங்கமே பார்க்க வேண்டுமாம். அடுத்த கிழமை கூட்டத்தில் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். இப்போது ஜூன், நிதி டிசம்பருக்குள் முடிய வேண்டும்.

அக்கம்பக்கத்தில் இதே மாதிரித் தாங்கிகள் சில காய்ந்து நிற்கின்றன. மக்கள் பங்களிப்புப் போதாது என்று ஒரு பக்கம், வேலை சரியில்லை என்று மறுபக்கம். அந்த வழக்கு எங்களுக்கு வேண்டாம். கையெழுத்துக்கு முன் எதைக் கேட்பது, மாதக் கட்டணம் எவ்வளவு வைப்பது, எது யாருடைய பெயரில் இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழாய்வேலை பதில்:

முதலில் கிணறு. படுவான்கரையில் ஜனவரியில் குனிந்து அள்ளலாம் போல் தண்ணீர் நிற்கும் கிணறு, செப்டம்பரில் சேறாகக் கிடக்கும். ஆகவே கிணற்றை ஓகஸ்டில் வெட்டுங்கள். மட்டம் இறங்கியிருக்கும்போதுதான் இன்னும் கீழே போகலாம், ஊற்றின் உண்மையான அளவும் அப்போதுதான் தெரியும். மாரியில் எடுத்த ஊற்றுச் சோதனை அறிக்கையை யாராவது நீட்டினால் ஏற்க வேண்டாம்.

சோதனை இப்படி. 120 குடும்பம், குடும்பத்துக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்றால் 48,000 லீற்றர் தேவை. மோட்டர் 8 மணித்தியாலம் ஓடுவதாக வைத்தால் மணிக்கு 6,000 லீற்றர். அதே வேகத்தில் 8 மணித்தியாலம் விடாமல் இறைத்து, அரை மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள். நிறுத்திய பிறகு மட்டம் ஏறுவதையும் எழுத வேண்டும். மறுநாள் காலையில் பழைய மட்டத்துக்கு வராத கிணறு உங்கள் ஊருக்குக் காணாது. இந்தச் சோதனை தேறும்வரை தாங்கிக்கு அத்திவாரம் வெட்ட விடாதீர்கள். தாங்கி எழும்பிவிட்டால் கிணறு வற்றினாலும் திட்டம் முடிந்ததாகவே கணக்கு.

நீர் மாதிரியும் அந்தக் காலத்திலேயே எடுக்க வேண்டும். இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614 இன்படி இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது, புளோரைட்டு 1.0. அள்ளும்போது தெளிவாக இருந்து வாளியில் சில மணித்தியாலம் வைத்ததும் பழுப்பாகும் தண்ணீரில் இரும்பு அதிகம். அதற்குக் காற்றூட்டும் தட்டும் மணல் வடியும் செலவு மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும், வடியைத் திருப்பிக் கழுவுகிற வால்வோடு. பிறகு பார்ப்போம் என்று விட்டால் சோறும் வெள்ளை உடுப்பும் நிறம் மாறும்; சனம் தங்கள் வீட்டுக் கிணற்றுக்குத் திரும்பும்; கட்டணமும் அத்தோடு நிற்கும். (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கத்து எழுவான்கரைக்காரர் யாராவது வாசித்தால்: உங்கள் மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. ஒரே கிணற்றில் வேகமாக இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். அங்கே ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறும் சிறிய மோட்டர்களும்தான் சரி.)

மோட்டரைப் பெரிதாகப் போடுவது ஒரு வியாதி. கிணற்று மட்டம் 6 மீற்றர், தாங்கி 12, தாங்கியின் சொந்த உயரம் 3, குழாய் உராய்வு 4 என்றால் மொத்தம் 25 மீற்றர். மணிக்கு 6,000 லீற்றரை அந்த உயரத்துக்குத் தள்ள 1.5 குதிரைவலு மோட்டர் போதும். நாளுக்கு 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும், மாதம் 220 யூனிட் அளவில். 3 குதிரைவலு போட்டால் கிணற்றை உறிஞ்சிவிட்டு வெறுமையில் ஓடி எரியும். கிணற்றில் ஒன்றும் தாங்கியில் ஒன்றுமாக, நீர்மட்டம் பார்த்து மோட்டரை நிறுத்தும் மிதவை ஆழி, குறைந்த வோல்டேஜில் நிறுத்தும் காப்பு, மோட்டருக்கு அடுத்து தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வ், ஒவ்வொரு கிளை வீதிக்கும் ஒரு கேற் வால்வ், குழாயின் கடைசி முனையில் கழுவி விடும் வால்வ். இவை மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். கிளை வால்வ் இல்லாவிட்டால் ஒரு வீட்டு வாசலில் கசிந்தாலும் முழு ஊருக்கும் தண்ணீர் நிற்கும். காசு காணாதபோது மதிப்பீட்டிலிருந்து முதலில் வெட்டுப்படுவதும் இந்த வால்வுகள்தான்.

கட்டணம். கீழே உள்ள விலைகள் கணக்குப் பார்க்கும் விதத்தைக் காட்ட மட்டும்; உங்கள் விலைகளைப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள். மின்சாரம் 220 யூனிட், யூனிட் 40 ரூபாய் என்றால் 8,800. பராமரிப்பாளர் கொடுப்பனவு 15,000. குளோரின் 4,000. சில்லறைத் திருத்தம் 6,000. மோட்டர் 120,000 ரூபாய், 5 வருடத்தில் மாற்ற வேண்டும் என்றால் மாதம் 2,000 ஒதுக்க வேண்டும். நீர்மானி 6,000 படி 120, 10 வருட ஆயுள் என்றால் மாதம் 6,000. மொத்தம் 41,800.

இறைப்பது மாதம் 1,440 கன மீற்றர். ஐந்தில் ஒன்று கசிவிலும் கழுவலிலும் போகும். பில்லுக்கு வருவது 1,152. பில் போட்டதில் 85 வீதம்தான் கைக்கு வரும் என்று வையுங்கள். வீட்டுக்கு நிலைக்கட்டணம் 150, கன மீற்றருக்கு 30 என்றால் கிடைப்பது ஏறக்குறைய 44,700. தப்பலாம். இதே கட்டணத்தில் 70 வீடுகள் மட்டும் இணைந்தால் செலவு ஏறக்குறைய 34,000, வரவு 26,000. மாதம் 8,000 துண்டு விழும். திட்டங்கள் சாகிற இடம் பெரும்பாலும் இதுதான்: 120 வீட்டுக்குக் கணக்குப் போட்டு 70 வீட்டோடு ஓட்டுவது. எனவே இணைப்புக்கான முற்பணத்தை வேலை தொடங்குமுன் வாங்கி, பற்றுச்சீட்டுக் கொடுத்து, எத்தனை வீடு உண்மையில் வருகிறது என்று பாருங்கள். கூட்டத்தில் கை தூக்கியவர்களை எண்ணிப் பயனில்லை.

மதிப்பீடும் அளவும் பதில்:

குழாய்வேலை தொழில்நுட்பத்தைச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தையும் கலண்டரையும் பற்றி.

அரச நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. செலவழியாத ஒதுக்கீடு திரும்பிப் போகும். நம்முடைய பெருமழை ஒக்டோபர் கடைசி, நவம்பரில் தொடங்கும். ஒதுக்கீட்டுக் கடிதம் வருட நடுவில் வந்து, மதிப்பீடு, அங்கீகாரம், உடன்படிக்கை என்று இழுபட்டால் மண்வேலை மழையில்தான் நடக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிறவல் வீதி ஒரு மாரியில் கரைவதற்கும், கான் கட்டு சரிவதற்கும், குழாய் ஒரு வருடத்துக்குள் வெடிப்பதற்கும் பாதிக் காரணம் இந்த இரண்டு கலண்டரும் மோதுவதுதான். தண்ணீர் நிற்கும் கானில் குழாயைப் போட்டு மூடிவிட்டு, அழுத்தச் சோதனை செய்யாமலே பில் எழுதுவார்கள்.

ஆகவே கடிதம் வரும்வரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடியவை: காணி உறுதி, குழாய் போகும் பாதையின் வரைபடம், வீட்டுப் பட்டியல். ஓகஸ்டில் கிணறு. செப்டம்பரில் சோதனை தேறியதும் தாங்கி அத்திவாரமும் குழாய்க் கானும் ஒன்றாக. ஒக்டோபர் நடுவுக்குள் மண் மூடாவிட்டால் அந்த வருடம் குழாய் புதைக்காதீர்கள். இந்த வருடப் பணத்தில் கிணறு, மோட்டர் அறை, பொருள் கொள்வனவு, அடுத்த வருடத்தில் மிகுதி என்று இரண்டு கட்டமாக்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாங்கி வைக்கும் பி.வி.சி. குழாய் வெயிலில் கிடக்கக் கூடாது.

குழாய்க்கு மேல் 600 மில்லிமீற்றர் மண், வண்டி ஓடும் இடத்தில் 900, வீதியைக் கடக்கும் இடத்தில் வெளிக்குழாய். மூட்டுகளைத் திறந்து வைத்தபடி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் சோதித்த பிறகே மூட வேண்டும். தாங்கிக் கொங்கிறீட்டுக்குக் கடற்கரை மணலோ வாவிக்கரை மணலோ வேண்டாம். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து, சில வருடத்தில் கொங்கிறீட் செதில் செதிலாகக் கழரும். தாங்கியை நிரப்பி 7 நாள் வைத்துக் கசிவு பார்த்துத்தான் பொறுப்பேற்க வேண்டும்.

இதோடு ஒரு வீதியும் தருவார்கள், அது வழக்கம். 3 மீற்றர் அகலம், 125 மில்லிமீற்றர் தடிப்பு, 100 மீற்றர் நீளம் என்றால் 37.5 கன மீற்றர் கொங்கிறீட். 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவைக்கு 50 கிலோ சீமெந்து ஏறக்குறைய 240 பை. தடிப்பில் 25 மில்லிமீற்றர் குறைந்தால் 48 பை மிச்சம். யாருக்கு மிச்சம் என்று சொல்லத் தேவையில்லை. ஓரப் பலகையின் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. நடுவில் நிலம் மேடாக விடப்பட்டிருக்கும். இரண்டு ஓரப் பலகைக்கும் குறுக்கே நூல் கட்டி நடுவில் அளக்க வேண்டும். வீதியை எவ்வளவு உயர்த்துவது, மதகு எங்கே என்பதை 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் இறங்கியது என்று தெரிந்த மூத்தவர்களைக் கூட்டிப்போய்ச் சுண்ணாம்பால் குறித்துவிட்டு முடிவெடுங்கள். நம் தட்டையான நிலத்தில் உயர்த்திய வீதி அணைக்கட்டு மாதிரி நின்று அரை ஊரை மூழ்கடிக்கும். மதிப்பீட்டை எழுதும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு வெயில் நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு அது தெரிய வழியில்லை.

காணி: தனியார் காணி என்றால் சம்மதக் கடிதம் போதாது. நொத்தாரிசு முன் நன்கொடை உறுதி, காணிப் பதிவகத்தில் பதிவு. கொடுத்தவர் காலமான பிறகு பிள்ளைகள் கேற்றைப் பூட்டினால் கடிதத்தால் திறக்க முடியாது. அரச காணி என்றால் பிரதேச செயலகத்தின் எழுத்து மூல விடுவிப்பு.

மின்னிணைப்பு: சங்கத்தின் பெயரில், நிரந்தர இணைப்பாக. வேலைக்காக எடுத்த தற்காலிக இணைப்பில் தொடர்ந்து ஓடினால் கட்டணமும் அதிகம், நிலுவை யாருடையது என்ற சண்டையும் வரும்.

கடைசியாக, சங்கத்தின் பெயரை ஒப்பந்தக்காரருக்கு வாடகைக்கு விட வேண்டாம். பெயர் சங்கம், வேலை வேறொருவர், சங்கத்துக்கு ஒரு சிறு வீதம் என்ற ஏற்பாடு நடக்கும், எல்லோருக்கும் தெரியும். அளவீட்டில் கையெழுத்துப் போடுவது நீங்கள், முடித்த வேலையின் குறைகளைத் திருத்த வேண்டிய குறைபாட்டுக் காலத்தில் பதில் சொல்வதும் நீங்கள். மறுகா ஊரில் ஒருவருக்கும் வால்வ் எங்கே புதைந்தது என்று தெரியாது. உள்ளூர் இளைஞர் இரண்டு பேரை நாட்சம்பளத்துக்குக் குழாய் வேலையில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் தேடும் பராமரிப்பாளர் அவர்களில் ஒருவர்தான்.

படுவான்கரைச் சங்கம்:

பெரிய நன்றி. இரண்டு சந்தேகம். குழாய்க் கான் வெட்டுவதைக் கூலியில்லாத சிரமதானப் பங்களிப்பாகப் போட்டிருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். மற்றது, முடிந்ததும் பிரதேச சபைக்கே கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது நல்லதா?

சம்மாந்துறை வட்டை பதில்:

தம்பி, சிரமதானத்தை நாள் கணக்கில் கேட்டால் அப்படித்தான் முணுமுணுப்பார்கள். வசதியுள்ளவர் வரமாட்டார், கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து வருவார். நீளக் கணக்கில் பிரியுங்கள். வீட்டுக்கு 10 மீற்றர், 300 மில்லிமீற்றர் அகலம், 700 ஆழம் என்றால் 2.1 கன மீற்றர். மணற்பாங்கான நிலத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை. தானே வெட்டலாம், ஆள் வைத்தும் வெட்டலாம். முதியவர் தனியாக உள்ள வீடுகளின் பங்கைச் சங்கம் எடுக்கட்டும். பட்டியலைக் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மக்கள் பங்களிப்பைச் சிரமதானம் என்று சுருக்கியதே பெரிய பிசகு என்பேன். அம்பாறையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் இடதுகரையைப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே வாய்க்கால் புனரமைப்பு அமெரிக்க உதவியில் நடந்தபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர்களை ஒழுங்கமைப்பாளர்களாக வயல்பக்கம் குடியிருக்க விட்டன. சங்கப் பதிவு, யாப்பு, தலைவர் தெரிவு ஒன்றும் முதலில் இல்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்திருபது பேர் கூடினார்கள், வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பிரதிநிதியை வாக்கெடுப்பில்லாமல் எல்லோரும் ஒத்துத் தெரிந்தார்கள். அடிவாய்க்கால்காரருக்கும் தண்ணீர் போனது. தலைவாய்க்காலில் சிங்களவர், அடியில் தமிழரும் முஸ்லிம்களும் என்று இருந்த இடங்களில்கூட. 1988 இல் பங்கேற்பு நீர்ப்பாசன முகாமைத்துவம் அரசின் கொள்கையானதில் இந்த அனுபவத்துக்குப் பங்கு உண்டு.

அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஒழுங்கமைப்பாளர்களுக்கு நிரந்தர வேலை இல்லை. ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் பலர் போய்விட்டார்கள். ஆளை அனுப்பும் திட்டம் ஆளுக்கான சம்பளத்தைத் திட்டத்தோடு முடித்துவிடுகிறது. உங்கள் தாங்கிக்கும் அதுதான்: கட்டுவதற்கு நிதித் தலைப்பு உண்டு, ஓட்டுவதற்கு இல்லை.

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவரை விவசாயிகளே தெரிவு செய்யும் நம்முடைய வட்டவிதானை முறை இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் எளிது. போக ஆரம்பக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் தெரிவு, சம்பளம் அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல். காசு கையில் இருக்கும் நேரத்தில் வசூல். உங்கள் ஊரில் வேளாண்மைக் குடும்பங்கள் அதிகம் என்றால் மாதா மாதம் கதவைத் தட்டாமல் பெரும்போக அறுவடை முடிந்ததும் ஆறு மாதத்துக்கு முற்கட்டணம் வாங்கலாம். கட்டுகிறவருக்கு ஒரு மாத நிலைக்கட்டணம் தள்ளுபடி. மீன்பிடிக் குடும்பங்களுக்குக் கிழமைக் கணக்கு வசதி.

பிரதேச சபைக்கு முழுதாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மோட்டர் எரிந்தால் விலைமனு, அங்கீகாரம், கொள்வனவு என்று கிழமைகள் போகும். சங்கத்திடம் சேமநிதி இருந்தால் மறுநாள் மாற்றலாம்.

மதிப்பீடும் அளவும்:

வட்டை சொல்வதில் பாதிதான் சரி. ஓட்டுவது சங்கம், உடைமை பிரதேச சபை என்று பிரித்து எழுதுங்கள். சபையின் சொத்துப் பதிவேட்டில் ஏறாத சொத்துக்குச் சபை வரவு செலவில் ஒரு சதமும் ஒதுக்க முடியாது. தாங்கி வெடித்தால், வெள்ளம் பிரதான குழாயைக் கொண்டுபோனால், அது 120 வீட்டுச் சேமநிதியால் தாங்கும் செலவில்லை. எந்தத் தொகை வரை சங்கம், அதற்கு மேல் யார் என்று உடன்படிக்கையில் ஓர் இலக்கம் இருக்க வேண்டும். கையளிக்கும் நாளில் முடிவுற்ற வேலையின் வரைபடம் (வால்வ் ஒவ்வொன்றும் எந்த மதிலிலிருந்து எத்தனை மீற்றர் என்று), மோட்டரின் உத்தரவாதச் சீட்டு, நீர்ப் பரிசோதனை அறிக்கை மூன்றும் கைக்கு வராமல் பொறுப்பேற்றல் கடிதத்தில் ஒப்பமிட வேண்டாம். பிடிப்புப் பணம் (குறை திருத்துவதற்காகப் பில்லிலிருந்து பிடித்து வைப்பது) விடுவிக்கப்படுமுன் ஒரு மாரி கழிந்திருந்தால் நல்லது.

கல்முனை வாசகி:

மதிப்பீட்டைக் காட்டமாட்டோம் என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பீடு, வரைபடம், உடன்படிக்கை, அளவீட்டுத் தாள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்; 'திட்டம் பற்றிய விபரம்' என்று கேட்டால் அரைப்பக்கக் கடிதம்தான் வரும். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களின் விபரத்தைத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே வெளியிட வேண்டும் என்றும் அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு சொல்கிறது.

இன்னொன்று. கூட்டத்தை வேலை நாளில் காலை 10 மணிக்கு வைத்தால் கூலிக்குப் போனவர், கடலுக்குப் போய்வந்து படுத்தவர் வரமாட்டார்கள். வருகிற பெண்களிடம் கையெழுத்து மட்டும் வாங்குவார்கள். தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தான். குழாய் முற்றத்தில் எந்தப் பக்கம், எந்த நேரம் தண்ணீர் விடுவது, இரண்டையும் அவர்களிடம் கேட்டு முடிவெடுங்கள். கணக்குப் புத்தகத்தை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை பார்த்து ஒப்பமிடட்டும்.

படுவான்கரைச் சங்கம்:

சரி, சம்மதக் கடிதத்தை நிபந்தனைகளோடு எழுதுகிறோம்: கிணற்றுச் சோதனை தேறிய பிறகே தாங்கி, ஒக்டோபர் நடுவுக்குப் பின் குழாய் புதைப்பதில்லை, உடைமை, திருத்தச் செலவு எல்லை எழுத்தில். மாரியில் எல்லோர் வீட்டுக் கிணறும் நிரம்பினால் பில் குறையுமே, அதை எப்படிச் சமாளிப்பது? குளோரின் அளவையும் யாராவது சொல்லுங்கள்.

குழாய்வேலை பதில்:

குறையும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை பாவனை பாதியாகலாம் என்று வைத்தே கணக்குப் பாருங்கள். மின்சாரமும் குளோரினும் அதே அளவில் குறையும், பராமரிப்பாளர் கொடுப்பனவு குறையாது. அதற்குத்தான் நிலைக்கட்டணம். தண்ணீர் எடுக்காத மாதத்திலும் 150 உண்டு என்று இணைப்பு விண்ணப்பத்திலேயே அச்சிடுங்கள். பெப்ரவரியில் போய்ச் சொன்னால் ஒருவரும் கட்டமாட்டார்.

குளோரின்: லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் படி 48,000 லீற்றருக்கு 72 கிராம் குளோரின். ரி.சி.எல். என்னும் வெளிற்றும் தூளில் 30 வீதம்தான் குளோரின் என்றால் நாளுக்கு 240 கிராம் தூள், மாதம் 7 கிலோவுக்குச் சற்றுக் கூட. மாரியில் இறைப்பது குறைந்தால் தூளையும் அதே வீதத்தில் குறையுங்கள். பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, அடையவிட்டு, தெளிந்ததை மட்டும் தாங்கிக்கு. அடி வண்டலைக் கொட்டினால் வால்வுகள் அடைக்கும். தூளை மூடி போட்ட பிளாஸ்ரிக் பாத்திரத்தில் வெயில் படாமல் வையுங்கள். திறந்த பை ஈரம் பட்டுச் சில மாதத்தில் வலு இழக்கும், ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம். கடைசி வீட்டுக் குழாயில் மீதிக் குளோரின் 0.2 இலிருந்து 0.5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சோதனைப் பெட்டி இல்லாவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கடைசி வீட்டில் 0.2 க்குக் கீழே போனால் தூளைக் கூட்டுவதற்கு முன் முனை வால்வைத் திறந்து குழாயைக் கழுவிப் பாருங்கள்.